மணலுக்குள் இறங்காத இருபத்து மூன்று பேர்

ஹனோவரில் இருந்து காரில் ஒன்றரை மணித்தியாலம் போனால் ஒரு பாலைவனம் வரும் என்று சொன்னால் எங்கள் தமிழ் ஆட்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான். ஒரு காலத்தில் படையினர் டாங்கி ஓட்டிப் பழகிய நிலம் அது. ஓட்டிய ஓட்டத்தில் மரமும் புல்லும் போய், அடியில் கிடந்த வெள்ளை மணல் மேலே வந்துவிட்டது. படை போன பிறகு அரசாங்கம் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறது. கடை இல்லை, வீடு இல்லை, கைபேசிக்கு சிக்னல் இல்லை. அந்தப் பக்கத்து ஊர்க்காரர் வாய் நிறையப் பாலைவனம் என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கே வருகிறவர்களுக்கு அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்னச் சங்கம் இருக்கிறது. பதினைந்து பேர், எல்லோரும் ஓய்வு பெற்ற ஜெர்மன்காரர், நடுவில் நான் ஒருத்தி. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். "ஞாயிற்றுக்கிழமையும் வயசுபோன ஆக்களோடதானோ?" என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

எங்கள் வேலை பெரிய வேலையில்லை. மணலின் மேல் கறுப்பாக, காய்ந்த பொருக்கு மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். பார்ப்பவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள். ஆனால் அது உயிருள்ளது. மணலைக் காற்றில் பறக்க விடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதில் ஒரு சப்பாத்துக் கால் பதிந்தால், அந்த இடம் ஆறப் பல வருடம் ஆகும். அதனால் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தடை என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. முதலில் வணக்கம், பிறகு "இங்கே என்ன பார்த்தீர்கள்?" என்ற கேள்வி, அதற்குப் பிறகுதான் பொருக்கு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சேர்ந்த முதல் மாதமே ஒருவரைப் பார்த்து "கண் தெரியவில்லையா?" என்று கேட்டுவிட்டு, சங்கத் தலைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தலைவி முன்னர் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்தவர். இரண்டு வருடம் போன பிறகு, மாதத்தில் ஒரு தடவை தமிழில் ஆட்களை அழைத்துப் போகலாமா என்று அவரிடம் கேட்டேன். ஒரு சோதனைச் சுற்று வைப்போம், கூடவே வந்து பார்க்கிறேன், சரியாக நடந்தால் வழிகாட்டிகளின் செம்மஞ்சள் மேலங்கி உனக்குக் கிடைக்கும் என்றார். எனக்கு அது வேண்டும் போல் இருந்தது. ஆசை என்று சொன்னால் போதாது. இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எங்கே உட்கார வேண்டும், எந்தப் படிவத்தை எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் எனக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவையாவது இந்த மண்ணில் ஓர் இடத்தை நான் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பதில்தான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். சுற்று பதினொரு மணிக்கு. எங்கள் ஆட்களிடம் பதினொன்று என்றால் பன்னிரண்டுக்கு வருவார்கள். அதனால் பத்து என்று சொன்னேன். கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதானே. பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டி வரும் பொறுப்பை, என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா எடுத்தார். அவரும் எங்கள் ஆள்தான். என்னிடம் ஒன்றும் சொல்லாமல், தன் பங்குக்கு ஒரு மணித்தியாலத்தைக் குறைத்து ஒன்பது என்று சொல்லியிருக்கிறார். பஸ் ஓட்டியவரோ ஜெர்மன்காரர். ஒன்பது என்றால் ஒன்பதுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

தலைவியின் காரில் நான் போய் இறங்கியபோது மணி பத்தேகால். பஸ் ஆட்களை இறக்கிவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தது. வாகனத் தரிப்பிடத்தின் தார் நிலத்தில் விரிப்பு விரித்து, இரண்டு வரிசையாக இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இடியப்பம், சம்பல், கட்லட் எல்லாம் முடிந்து, தேநீர் நடந்துகொண்டிருந்தது.

"வாங்கோ மகாராணி," என்றார் அக்கா. "ஒரு மணித்தியாலமாக் காவல் இருக்கிறம்."

ஒரு மணித்தியாலம் சும்மா இருக்கிற சனமா நாங்கள்? எத்தனை பேர் உள்ளே இறங்கி, எதையெல்லாம் மிதித்து உழக்கினார்களோ. ஓடிப்போய், பாதை தொடங்கும் இடத்துத் தடைக் கம்பத்துக்கு அப்பால் மணலைப் பார்த்தேன். ஒரு கால் அடையாளம் கூட இல்லை. தலைவியும் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் இதற்குள் மேட்டில் ஏறிப் படம் எடுத்திருப்பார்கள் என்று சொல்லி, கையில் இருந்த தாளில் எதையோ எழுதினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மணி பதினொன்றாகியதும், "எல்லாரும் எழும்புங்கோ, உள்ள போவம்," என்றேன். ஒருவரும் எழும்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில், உணவக அடுப்படிகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணை, தடைக் கம்பத்துக்குப் பக்கத்துப் பலகையைக் கையால் காட்டினார். மஞ்சள் பலகை. படை விட்டுப்போன வெடிபொருள், உயிராபத்து என்று எழுதி, கீழே மண்டையோட்டுப் படம்.

"தங்கச்சி, இதுக்குள்ள நாங்கள் வரேலாது," என்றார்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாள் என் காலும் கூசியது. பிறகு, மற்றவர்கள் கதைப்பது போல நானும் அதைப் பற்றி லேசாகக் கதைக்கப் பழகிவிட்டேன். கண்ணிவெடி புதைத்த ஊர்களில் இருந்து வந்த இந்த இருபத்து மூன்று பேரும் ஏன் தார் நிலத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது.

"பாதை முழுக்கத் துப்புரவாக்கிப்போட்டினம் அண்ணை. கடதாசி இருக்கு."

"கடதாசி ஊரிலயும் இருந்தது."

தலைவி என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பலகையை வருகிறவர்கள் நம்ப வேண்டும் என்று வருடக்கணக்காகத் தொண்டை வற்றக் கத்திய மனுசி அவர். நம்புகிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தார். "யாரையும் வற்புறுத்த வேண்டாம்," என்று மட்டும் சொன்னார். என் மேலங்கி கைநழுவிப் போகிறது என்று நினைத்தேன். அதைவிட, இவ்வளவு தூரம் வந்த சனம் மணலைப் பார்க்காமல் தரிப்பிடத்தைப் பார்த்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

கதைத்துப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தது. நான் தனியாகப் பாதையில் நடந்தேன். முதல் வளைவில் ஆட்கள் உட்காரப் போட்டிருக்கும் வாங்கு வரைக்கும் போய், நிலம் அதிர மிதித்துக்கொண்டு திரும்பி வந்தேன். எல்லோருடைய கண்ணும் என் காலிலேயே இருந்தது. இரண்டாம் தடவை வெளிக்கிட்டபோது அக்கா எழும்பினார்.

"நீ செத்தால் நாளைக்கு உன்ர வேலையும் என்ர தலையிலதான் விழும். நில், நானும் வாறன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்போடு இரண்டு பேர் எழும்ப, பிறகு நான்கு பேர், பிறகு எல்லோரும். அண்ணை கடைசியில் வந்தார். பாதை மூன்று பேர் பக்கம் பக்கமாக நடக்கக்கூடிய அகலம். நாங்கள் ஒருவர் பின்னால் ஒருவராக, முன்னால் போனவரின் அடியிலேயே அடி வைத்து நடந்தோம். பொருக்கைப் பற்றி நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் பாதிக்கு வேலையே இருக்கவில்லை. ஆனால் வாங்கைத் தாண்டி, வெள்ளை மணல் கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்தபோது, அடி பார்த்து நடந்தவர்கள் தலை நிமிர்ந்து நின்றார்களே, அந்த நேரம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் காட்டினேன். அவர்கள் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது ஒரு ஜெர்மன் குடும்பம் எங்களுக்கு எதிரே வந்தது. சின்னப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் பாதைக் கயிற்றுக்குக் கீழே புகுந்து மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். தகப்பன் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தார். நான் முறைப்படி வணக்கம் சொல்லி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அண்ணை என்னை விலக்கிக்கொண்டு அந்தத் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றார். அவரிடம் இருந்த ஜெர்மன் மொழி, அடுப்படியில் பழகிய டொச் மட்டும்தான்.

"என் தம்பி," என்றார். "பந்து எடுக்கப் போனான். அங்கேயும் பலகை இருந்தது."

தகப்பனின் சிரிப்பு நின்றது. பிள்ளைகளைக் கூப்பிட்ட குரலில் பயம் இருந்தது. அவர்கள் ஓடிய வழியாலேயே திரும்பி வந்து, இரண்டு பேரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் சேரும் வரைக்கும் அண்ணை அசையவில்லை.

தரிப்பிடத்துக்கு வந்ததும் தலைவி காரைத் திறந்து இரண்டு மேலங்கிகளை எடுத்தார். ஒன்றை என் கையில் தந்தார். மற்றதை அண்ணையிடம் நீட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் பலகைக்குப் பக்கத்தில் எங்களோடு நிற்க முடியுமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"எனக்கு டொச் ஒழுங்கா வராது எண்டு சொல்லு," என்றார் அண்ணை.

நான் அதை மொழிபெயர்க்க முதலே அவர் மேலங்கியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது.