வேறொருவருக்காக அழுதது

என் கணவரின் பெரியப்பா இறந்த அன்று காலை, தா.பழூருக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டில், ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களோடு நானும் இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று சில தடவை அவரைப் பார்த்திருக்கிறேன். "வாம்மா, சாப்புட்டியா" என்பதற்கு மேல் அவர் என்னிடம் பேசியதில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன்.

மடியில் இருந்த போன் அதிர்ந்தது. எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி. "தலைவர் போயிட்டார்."

தலைவர் என்று நாங்கள் சொன்னது அரசியல்வாதியை அல்ல. ராக், ஜாஸ் இரண்டிலும் பேஸ் கிதார் வாசித்த ஒரு வெளிநாட்டுக் கலைஞரை. திருச்சியில் ஹாஸ்டலில் படித்தபோது, அறையில் உடனிருந்தவள் என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "பாடறவர விடு. அடியில என்ன ஓடுதுன்னு மட்டும் கேளு" என்றாள். பாட்டுக்கு அடியில் ஒன்று ஓடுகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு எந்தப் பாட்டையும் பழையபடி கேட்க முடியவில்லை. நான் உண்டாகியிருந்தபோது, படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரியலூர் வீட்டில் ஃபேனைப் பார்த்தபடி படுத்துக் கிடந்த மாதங்களில் தலைவரின் வாசிப்புதான் துணை. மற்ற வாத்தியங்கள் எங்கெங்கோ தாவும். அவர் கீழே நிதானமாக நடந்துகொண்டிருப்பார். அதைக் கேட்டால் எனக்கு மூச்சு சீராகும்.

அவர் போய்விட்டார். அந்த வரியைத் திரும்பவும் படித்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது என் குரல் என்று தெரிவதற்குள் பக்கத்துப் பெண் என்னைத் தோளோடு சேர்த்து அணைத்துவிட்டாள். நான் வாய்விட்டு அழுதேன். நிறுத்த முடியவில்லை.

"பெத்த பொண்ணு மாதிரி அழுவுது பாருங்கடி" என்றது ஒரு குரல்.

கொல்லைப்புறத்தில் முகம் கழுவப் போனபோது என் கணவர் பின்னாலேயே வந்தார்.

"பெரியப்பாவுக்கு நீ இவ்ளோ அழுவேன்னு நான் நெனைக்கல."

"அவருக்கு இல்லீங்க" என்று போனைக் காட்டினேன்.

படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "இத இங்க யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். "எங்கம்மா மொகத்தப் பாத்தியா? எல்லாரும் உன்னப் பத்தித்தான் பெருமையாப் பேசறாங்க."

அன்று மாலை, சுடுகாட்டிலிருந்து எல்லாரும் திரும்பிய பிறகு, இறந்தவரின் மூத்த மகன் வந்து நின்றார். "கருமாதி வரைக்கும் நீ இங்கியே இரும்மா. அம்மா இன்னும் வாய்விட்டு அழுவல. நீ கூட இருந்தா நல்லது."

நான் ஆபீஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஆரம்பிப்பதற்குள், "இருக்கட்டும்ணே" என்று என் கணவர் பதில் சொல்லிவிட்டார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவர் அரியலூர் போய்விட்டார்.

அந்த வீட்டில் டிவியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. துக்கம் கேட்க வெளியூர் ஆட்கள் வண்டியில் வந்து இறங்கும்போதெல்லாம் என்னைத் தேடிக் கூப்பிட்டு, இறந்தவரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அவரை நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். அவர் சுவரைப் பார்த்தபடி இருப்பார். நான் அழ வேண்டும். தலைவரை நினைத்தால் முதலில் தானாக வந்தது. போகப் போக, வராமல் போய்விடுமோ என்று பயம் வந்தது. வராத அன்று எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் எங்கள் குழு ஆட்கள் தலைவருக்காகக் கூடுவதாக முடிவு செய்திருந்தார்கள். குழுவில் ஒருவர் அங்கே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அங்கே நல்ல ஸ்பீக்கர்கள் உண்டு. எப்படியாவது ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போய்விட நினைத்தேன்.

"தலை வலிக்குதுக்கா, மெடிக்கல் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றேன், மூத்த மருமகளிடம்.

"நீ ஏன் போற? வண்டி நிக்குது, ஆள அனுப்பறேன்."

மாத்திரை வந்துவிட்டது. என் முன்னாலேயே நின்று, நான் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய் வீடியோ காலில் சேர்ந்தேன். ஸ்டுடியோவில் அருவி வரைந்த திரைக்கு முன்னால் தலைவரின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சந்தன மாலை போட்டிருந்தார்கள். திருச்சியிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. எனக்கு டிரம்ஸின் தகரச் சத்தம் மட்டுமே கேட்டது. பேஸின் கனத்த ஒலி போன் ஸ்பீக்கரில் வராது. இயர்போன் அரியலூரில் என் ஆபீஸ் பையில் கிடந்தது. போனைக் காது எலும்போடு அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரையில் அவர்கள் தலைகள் மெல்ல அசைவதைப் பார்த்து, இப்போது அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று ஊகித்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. பெரியத்தை.

"யாரு படம் அது? மாலை போட்ருக்கு?"

"எனக்கு வேண்டியவர் ஒருத்தர் தவறிட்டாருங்கத்தை."

"எப்ப?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "மாமா போன அன்னிக்குத்தான். காலையில."

கதவைச் சாத்தினார். பிறகு பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"நீ போவலியா?"

"எப்பிடிங்கத்தை போறது?"

"ஆமா" என்றார். "எனக்குந்தான் இங்கேர்ந்து எந்திரிச்சி எங்கியாவது போயிடலாம்னு இருக்கு. எல்லாரும் என் கண்ணையே பாக்கறாங்க." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒங்க மாமா நல்ல மனுசந்தான். அழுவ வரமாட்டேங்குது" என்றார்.

முன்வாசலில் வேன் வந்து நின்றது. வாலிகண்டபுரத்து ஆட்கள் வந்துவிட்டதாக யாரோ குரல் கொடுத்தார்கள். போனை அணைத்தேன். பெரியத்தை மூட்டையைப் பிடித்து எழுந்து, என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். இருவரும் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தோம். நான் அழுதேன். அவர் என் கையை விடவில்லை.

கருமாதி முடிந்து அரியலூர் வந்த அன்றே தலைவரின் பழைய பாட்டுகளையெல்லாம் போட்டுக் கேட்டேன். அவர் எப்போதும்போல் நிதானமாகத்தான் நடந்தார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. என் பங்கு முழுவதும் அந்தக் கூடத்திலேயே தீர்ந்துவிட்டிருந்தது.

நெல் மூட்டை அறையில் பார்த்ததைப் பெரியத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சொந்தத்தில் எங்கே துக்கம் என்றாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. போன வாரம் ரஞ்சன்குடியில் ஒரு சாவு. நான் பார்த்தே இராத ஒரு சித்தப்பா.

"சீக்கிரம் கௌம்பு" என்றார் மாமியார். "அவங்க வூட்டுல அழுவறதுக்கு ஆளே இல்ல."

ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.