நான் பாரமாக உட்கார்ந்திருந்த கார்

ரப்பர் கருகும் மணம்... அந்த வசந்தம் முழுவதும் எங்கள் அறைக்குள் அதுதான். யன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும்.

எண்பத்தாறாம் ஆண்டு. ஜெர்மனியில், எசன் நகருக்குக் கிட்ட ஒரு சிறிய ஊரின் அகதி விடுதி. எதிரே கரின் என்ற ஜெர்மன்காரியின் கொட்டகை. உள்ளே ஒரு பழைய அமெரிக்கக் கார். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, பெரிய எஞ்சின். நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவனிடம் வாங்கியதாம். ஸ்பிரிங்குகள் தளர்ந்து முன்பக்கம் படுத்துக் கிடந்தது. அவற்றைத் தாங்கும் இரும்புக் கைகளின் துளைகளில் இறுகியிருந்த பழைய ரப்பர் புஷ்களை அவள் நெருப்புக் காட்டி எரித்து எடுப்பாள். அந்த மணம்தான்.

இவர், என் கணவர், யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலை செய்தவர். இங்கே எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. சில நாட்கள் வேலியோரம் நின்று பார்த்தார். பிறகு ஒரு காலை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

அதன்பின் தினமும் கரினின் குரல், இவர் பெயரை ஜெர்மன் நாக்கில் நீட்டி.

"கூமரான்!"

கல்யாணமாகி ஒரு வருடம். கணவர் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. "இஞ்சேருங்கோ" தான். அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். நான் தொடாமல் வைத்திருந்ததை ஒருத்தி தெருவுக்கே கேட்கும்படி எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறைப் பவளமக்கா சும்மா இருப்பாவா?

"என்னடி, உன்ரை மனுசனை உவள் பேர் சொல்லிக் கூப்பிடுறாள், நீ புத்தகம் வாசிச்சுக்கொண்டு இருக்கிறாய்?"

"கார் திருத்துகினம் அக்கா."

"ஓம் ஓம்... காரைத்தான்."

சிரித்து வைத்தேன். அன்று இவரிடம் மெல்லக் கேட்டேன்.

"அவவுக்கு உந்த வேலை தெரியுமே?"

"சோக்கா செய்வா. கை நல்ல நிதானம்."

என் சமையலைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஜெர்மன் மொழியும் அப்படித்தான். நான் அகராதியை மடியில் வைத்துப் பழைய பத்திரிகைகளோடு மல்லுக்கட்ட, இவர் காருக்கு அடியிலிருந்து வாய் நிறைய ஜெர்மனோடு வருவார்.

ஒரு பிற்பகல் தாங்கவில்லை. இருந்ததில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, தேத்தண்ணியோடு போனேன்.

கொட்டகைத் தரையில் ஒரு குழி, அதன்மேல் கார். குழிக்குள் இரண்டு பேரும் தோளோடு தோள்... அவ்வளவுதான் இடம். ஸ்பிரிங், புஷ் எல்லாம் புதிது. கடைசி இறுக்கு மட்டும் மிச்சம்.

கரின் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, ட்ரைவர் சீற்றைக் காட்டினாள். எனக்குப் பெருமை... முதல் ஆளாக என்னை ஏற்றுகிறாளே!

கீழிருந்து இவர் சொன்னார்: "ஏறி இரும். ஆள் பாரம் இருக்கேக்கைதான் இறுக்க வேணும். இல்லாட்டி ரப்பர் முறுகிப் பிஞ்சு போம்."

பாரம்! மண்மூட்டைக்குப் பதில் நான். சேலையும் பொட்டுமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கீழே ஸ்பானர் சத்தம்... அவள் ஏதோ சொன்னாள்... இவர் சிரித்தார். ஊரை விட்டு வந்தபின் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை.

இறங்கிவிட்டேன்.

"ஏனப்பா இறங்கினீர்? இன்னும் ஒரு நட்டு கிடக்கு."

"அவவை ஏறி இருக்கச் சொல்லுங்கோ. நான் கீழை வாறன்."

"உந்தச் சீலையோடையோ?"

"ஓம். உந்தச் சீலையோடைதான்."

கரினுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மேலே வந்து, கையுறைகளைக் கழற்றித் தந்துவிட்டு சீற்றில் ஏறினாள். கையுறைக்குள் அவள் கைச்சூடு இருந்தது... அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

இவர் ஸ்பானரைப் பொருத்தித் தந்தார். இழுத்தேன். அசையவில்லை. தலைக்கு மேலே அவள்... கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"குமரன், லைற்றை இஞ்சாலை பிடியுங்கோ."

வெளிச்சம் அசையாமல் நின்றது.

"என்ன சொன்னனீர்?"

"லைற்றைப் பிடிக்கச் சொன்னனான்."

அவர் லைற்றைக் கீழே வைத்துவிட்டு, என் கைமேல் தன் கையை வைத்தார். சேர்ந்து இழுத்தோம். நட்டு இறுகியது.

கரின் கொஞ்சக் காலத்தில் காரோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எங்களுக்கும் விசா, வேலை, பிள்ளைகள், வீடு... இப்போது வாகனத்துக்கு ஏதாவது என்றால் டெர்மின் எடுத்து, குறித்த நாளில் கராஜில் விட்டுவிட்டு வருகிறோம். யாரோ எங்கோ பழைய கார்களைத் திருத்துகிற வீடியோக்களைத்தான் இவர் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சாப்பிட, மருந்து எடுக்க, குப்பை வைக்க... நாளெல்லாம் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். போனிலிருந்து அவர் நிமிர்வதில்லை.

அன்று ஒருத்தியோடுதான் போட்டி. அவள் முகமாவது தெரிந்திருந்தது...