அம்மா தானாக இறங்கிய கார்

ஒரு மெக்கானிக்கைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களோ என்று பல வருடம் தயங்கினேன். முருகனை வேண்டிக்கொண்டு இன்று எழுதிவிட்டேன்.

தொண்ணூறுகளில் அந்த மெக்கானிக் குமணன்சாவடியில் பட்டறை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, கிரீஸ் ஏறிய விரல்கள். அழகுக்காக எந்தக் காரைத் தரையை ஒட்டித் தாழ்த்துவதானாலும் அதில் போகிற குடும்பத்தை உட்காரவைத்துத்தான் அளவு பார்ப்பார்.

என் பழைய காரை, நாங்கள் குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி தாழ்த்த எனக்கு ஆசை. "ஸ்பிரிங்கை வெட்டிடுங்கண்ணே" என்றேன்.

"வெட்டினா வெட்டினதுதான், நைனா. மரை வெச்ச ஸ்பிரிங் கீது, அத்தப் போட்டுக்கோ. திருகினா ஏறும், எறங்கும். ஊட்ல யாரு இதுல வர்றாங்க?"

"அம்மாதான். முட்டிவலி."

"அவங்கள இட்டாந்து குந்த வை."

முதலில் நான் கேட்ட அளவுக்கே தாழ்த்தினார். உட்கார்ந்த அம்மாவால் எழ முடியவில்லை. உடனே காருக்கு அடியில் படுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஏற்றினார். நான்காவது தடவை அம்மா யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

"இன்னும் கொஞ்சம் எறக்கலாமே?" என்றேன்.

"எறக்கு. அம்மாவ பஸ்ல அனுப்பு!"

அடுத்த கிருத்திகைக்குக் கோயில் வாசலில் எல்லோரும் காரைப் பார்த்தார்கள். நான் அம்மா இறங்குவதைப் பெருமையோடு பார்த்தேன்.

அந்த மெக்கானிக்குக்கு அம்மா இருந்தாளா என்று நான் கேட்கவே இல்லை. இதை யாரிடமாவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.