கருநீலச் சேலையில் நூறு புள்ளி

போன வாரம் என் மகள் ஒரு கறுப்புச் சட்டை வாங்கி வந்தாள். கறுப்பு என்று பெயர்தான். பாதி இடத்தில் சாயம் போய், செம்பட்டையும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. "யார் மேல உள்ள கோவத்த இதுல காட்டிருக்காங்க?" என்று கேட்டேன். "அம்மா, இது டிசைன். வேணும்னே சாயத்த எடுத்துப் பண்ணுறது" என்றாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற தோரணையில். அடிப்பாவி, உன் வயதில் கோவில்பட்டியில் இதைச் செய்து பார்த்தவள் நான்! சட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். மடிப்புக்குள் லேசாக பிளீச்சிங் பவுடர் வாசம். அதற்குமேல் எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

அந்த நாளில் கோவில்பட்டியில் எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் வாசம் வந்தால் அன்றைக்குத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாய் திறப்பார்கள். அன்று மத்தியானமே வீட்டில் மிச்சமிருக்கும் பழைய தண்ணீரை எல்லாரும் காலி செய்துவிடுவோம். அதை வைத்துத்தான் குடம், அண்டா, சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவது. ஏழு நாள் முகம் கழுவக்கூட யோசித்தவர்கள், அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தண்ணீரை வாரி இறைப்போம். நாலு மணிக்குப் புதுத் தண்ணீர் வந்துவிடும் என்று அவ்வளவு நம்பிக்கை. எங்கிருந்துதான் வந்ததோ அந்த நம்பிக்கை! சுற்றிலும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

அப்போது நானும் மதினியும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் லாரி டிரைவர். சோலாப்பூர் லோடுக்குப் போனபோது அவளுக்கு ஒரு கருநீலப் பருத்திச் சேலை வாங்கி வந்தான். அவள் அதை ஒரு நாள் கட்டினாள். அன்று ராத்திரி அதையே சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டு, விடிந்ததும் அடுத்த லோடுக்குக் கிளம்பியவன் திரும்பி வரவில்லை. விபத்து. மதினி அந்தச் சேலையைத் துவைக்கவே இல்லை. டிரங்குப் பெட்டியில் வைத்திருந்து, எப்போதாவது எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள். டீசலும் பீடியும் கலந்த வாசம். எனக்கு இருபது வயது. அழுக்குச் சேலையைப் போய் யாராவது மோந்து பார்ப்பார்களா என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

அண்ணனுக்கு முதல் வருஷத் திதி வந்தது. அதற்கு முந்தின நாள், தண்ணீர் வருகிற நாள். திதிக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று மதினி அந்தச் சேலையை முற்றத்துக் கொடியில் காற்றாடப் போட்டிருந்தாள். நான் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டியைத் தேய்த்தேன். எதையும் மெதுவாகச் செய்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விளக்குமாற்றை ஓங்கி உதறினேன். நாலைந்து சொட்டு பறந்து போய் முந்தானையில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலம் செம்மண் நிறமாகி, அப்புறம் வெளுத்துவிட்டது.

நான் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

"ஏட்டி, எதுக்கு அழுத? வேணும்னா செஞ்ச?" என்று மதினிதான் என்னைத் தேற்றினாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு ஒரு வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கம் ஞாபகம் வந்தது. பிளீச்சிங் பவுடரைத் தொட்டு வைத்து, துணியின் சாயத்தை எடுத்தே பூ வரையலாம் என்று அதில் படித்திருந்தேன். "மதினி, நாலு புள்ளின்னாத்தான் கறை. நூறு வச்சிட்டா டிசைன்! நான் சொல்லுதேன் கேளுங்க" என்றேன். அப்புறம் நிறையத் தண்ணீரில் அலசிவிட்டால் முடிந்தது என்றும் சொன்னேன்.

"அலசணுமா?" என்று கேட்டாள். சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என் அழுத முகத்தைப் பார்த்தாள். "சரி, விரி" என்றாள். தண்ணீர் வந்ததும் அலசச் சரியாக இருக்கும் என்று மூன்றரைக்கு உட்கார்ந்தோம். தீப்பெட்டி ஆபீசிலிருந்து அடுப்பு மூட்ட எடுத்து வந்த மருந்து வைக்காத குச்சிகள்தான் எங்களுக்குத் தூரிகை. மார்கழிக் கோலத்துக்கு வைப்பதுபோல அவள் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று வைத்துக்கொண்டே போனாள். "உங்க அண்ணன் பாத்தா, சேலைக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லுவாவ" என்று சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். இன்னும் நாலு வரிசை வையுங்கள் என்று நான்தான் தூண்டிவிட்டேன்.

நாலு மணிக்குக் குழாயில் புஸ்ஸென்று காற்று வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. எங்கேயோ பெரிய குழாய் உடைந்துவிட்டதாம், இன்றைக்குத் தண்ணீர் கிடையாதாம். தெருவில் யார் வீட்டிலும் ஒரு சொட்டு இல்லை. எல்லாக் குடங்களும் கழுவித் துடைத்துப் பளபளவென்று வரிசையில் உட்கார்ந்திருந்தன. அந்தக் குடங்களை எட்டி உதைக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

நான் வீடு வீடாக ஓடினேன். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைச் சின்ன பாட்டிலோடு தூக்கி வந்தாள். "என்ட்ட இதுதான் இருக்கு, ஊத்து" என்றாள். மதினி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது பத்தாதுக்கா. வீட்டுல பிள்ளைய இருக்கு, வச்சிக்கிடுங்க."

முக்குக் கடையில் ஆறு கோலி சோடா கேட்டேன். "விருந்தாள் வந்திருக்காவளா?" என்றார் அண்ணாச்சி. "சேலைக்கு அண்ணாச்சி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆறு சோடாவையும் உடைத்துச் சேலையில் ஊற்றினோம். நுரைத்தது, அவ்வளவுதான். புள்ளிகள் விரிந்துகொண்டே போயின. ஒன்றையொன்று தொட்டன. நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஊது ஊதென்று ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கண்ணெதிரே நூல் இற்றுப்போகிறது, இரண்டு பொம்பளைகள் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாதியற்றுப் போவது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் லாரித் தண்ணீர் வந்தது. அலசியபோது புள்ளி வைத்த இடமெல்லாம் கையோடு வந்துவிட்டது. மதினி வேறு சேலை கட்டிக்கொண்டு அண்ணன் படத்துக்கு விளக்கேற்றினாள்.

இப்போது அவள் திருப்பூரில் தன் தங்கச்சி வீட்டோடு இருக்கிறாள். மகளுடைய சட்டையைப் பார்த்ததும் போன் போட்டேன். எதை எதையோ பேசிவிட்டு, "அந்தச் சேலைய நான் கெடுத்துட்டேன்லா மதினி" என்றேன்.

"தண்ணி வந்திருந்தாலும் எனக்கு அது போனதுதான். ஒரு தடவ நனைச்சா அவிய வாசம் போயிரும்லா? தெரிஞ்சிதான் விரின்னேன். நீ அப்படி அழுதுக்கிட்டு நிக்க, நான் என்னட்டி செய்ய?"

போனை வைத்துவிட்டு மகளின் சட்டையை வாளியில் போட்டேன். இங்கே எந்த நேரம் திருகினாலும் தண்ணீர் வருகிறது. வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணனின் வாசம் எப்படியிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். டீசல், பீடி என்று எழுதத் தெரிகிறது. மூக்குக்கு வருவதென்னவோ பிளீச்சிங் பவுடர்தான்.