சதுரக் கொடி

சந்தேகம் என் கூடப்பிறந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று வந்தால் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்பேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்பேன். பக்கம் மாறியிருந்தால் பேசாமல் உட்காரச் சொல்லிவிடுவேன். இந்தக் குணம் தெரிந்துதான் பங்குக் கோயில் திருவிழா வினாடி வினாவுக்குக் கேள்வி எடுக்கும் வேலையை ஃபாதர் என்னிடம் கொடுத்தார்.

"போன வருசம் கேள்வி முன்னாடியே வெளிய போயிடுச்சுன்னு ஒரே சண்டை டீச்சர். இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா இனிமே இந்தப் போட்டியே கெடையாது. உங்கள நம்பித்தான் குடுக்கறேன்" என்றார்.

எங்கள் பங்குக் கோயிலில் பத்திருபது வீடுகள் சேர்ந்த குழுவுக்கு அன்பியம் என்று பெயர். வாரம் ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். வருசம் முழுக்கச் சேர்ந்து ஜெபம் சொல்கிறவர்கள், திருவிழாப் போட்டி என்று வந்துவிட்டால் அன்பியத்துக்கு அன்பியம் முறைத்துக்கொண்டு திரிவார்கள். வேதாகமக் கேள்வி கேட்டால் எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள் என்று இந்த வருசம் பொது அறிவு வைத்தோம்.

எனக்கு அதில் பைத்தியம் உண்டு. பெரம்பலூருக்குப் பள்ளிக்கூடம் போய்வரும் பஸ்ஸில் செல்போனில் இதைத்தான் படிப்பேன். படித்ததை ராத்திரி சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். அவர் சிமெண்ட் ஆலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். தட்டில் ஒரு கண், கிரிக்கெட்டில் ஒரு கண். "உம்" என்பார். நான் எதைச் சொன்னாலும் அதே "உம்"தான். சமயத்தில் பற்றிக்கொண்டு வரும்.

கேள்வித்தாளைக் கையால்தான் எழுதினேன். அரியலூர் ஜெராக்ஸ் கடைக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. எழுதி முடித்து, ஒவ்வொரு விடையையும் திரும்பச் சரிபார்த்ததில் ஒன்று தப்பாக இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. அடித்துத் திருத்தினேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. தாளை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த வாரம் யார் வீட்டுக்கு வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். என்றைக்கும் எட்டிப்பார்க்காத எதிர் வீட்டு அக்கா பணியாரம் கொண்டுவந்தாள். வாங்கி வைத்துக்கொண்டு வாசலோடு அனுப்பிவிட்டேன்.

போட்டியன்று ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் அன்பியத்து அணியில் ஓர் ஆள் குறைந்தது. கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். "நான் உக்காரட்டுமா?" என்று ஒரு குரல். திரும்பினால் என் வீட்டுக்காரர். மேடை என்றாலே கடைசி வரிசைக்கு ஓடுகிற மனுசன், தானாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. கேள்வி எடுத்தவள் வீட்டு ஆள் வேண்டாம் என்று ஃபாதரிடம் சொல்லிப்பார்த்தேன். "பரவால்ல விடுங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டார்.

மைக்கைப் பிடித்து ஆரம்பித்தேன். இறகுப்பந்தில் எத்தனை இறகு? "பதினாறு" என்றார் என் வீட்டுக்காரர். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? "மூணு." ஐம்பெருங்காப்பியங்களில் முழுதாகக் கிடைக்காதவை எத்தனை? "ரெண்டு." நம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லாகிக் கிடக்கும் சுருள் நத்தை, உண்மையில் எந்தப் பிராணிக்கு உறவு? "நத்தையே இல்லீங்க. கணவாய் மீனுக்குச் சொந்தம்."

கூட்டத்தில் சலசலப்பு. "டீச்சர் வூட்டுக்காரருக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்று ஒரு பெண் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். ஃபாதரின் முகத்தில் சிரிப்பைக் காணோம். பீரோவுக்கு மாற்றுச் சாவி உண்டு, அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கும் என்பது அவருக்கும் தெரியும். வியாழக்கிழமை நான் ஜெபக் கூட்டத்துக்குப் போனபோது தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாரே! எந்தப் பக்கம் தலைவலி என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

கடைசிக் கேள்வி என் வீட்டுக்காரர் அணியுடையது. சரியாகச் சொன்னால் கோப்பை அவர்களுக்கு. அவர் சொல்லிவிட்டால், போட்டி ரத்து, கேள்வி என் வீட்டிலிருந்தே போய்விட்டது என்று மைக்கிலேயே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். இனி இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

"சதுர வடிவத்துல தேசியக் கொடி வச்சிருக்குற நாடுகள் எத்தனை?"

அவர் நிமிர்ந்து ஆலய முகப்பைப் பார்த்தார். திருவிழாவுக்காகக் கட்டிய பாப்பரசர் கொடி, மஞ்சளும் வெள்ளையுமாக ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு. சுவிட்சர்லாந்து."

"ரெண்டு டீச்சர்! வத்திக்கானும் இருக்கு!" என்று பக்கத்து மேசை கத்தியது. ஒரே கைதட்டல். கோயில் வாசலில் வத்திக்கான் கொடிக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு அதை மறந்துவிட்டாரே என்று சிரித்தார்கள். "பாவம், அவுருக்கு ஒண்ணும் தெரியல" என்றாள், சற்று முன் குத்திக்காட்டிய அதே பெண். ஃபாதர் எனக்குக் கைகொடுத்தார்.

என் கையிலிருந்த தாளில் "ஒன்று" என்பதை அடித்து "இரண்டு" என்று எழுதியிருந்தது. தாளைப் பார்த்திருந்தால் அவர் இரண்டு என்றுதான் சொல்லியிருப்பார். ஒன்று என்பது நான் என்றைக்கோ சாப்பாட்டில் அவரிடம் சொன்ன தப்பு. வேறு எங்கேயும் சொன்னதில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அந்த ஆக்டோபஸ், கணவாய் எல்லாம் எங்க படிச்சீங்க?"

"நான் எங்க படிச்சேன்? நீதான சாப்பிடறப்ப தெனமும் சொல்லுவ."

"நீங்கதான் காதுலயே வாங்கறதில்லையே."

"அதான் உம்முன்னு சொல்றேன்ல. நீ எடுத்த கேள்வியாச்சே, எப்படியும் தெரிஞ்சதாத்தான் இருக்கும்னு தைரியமா உக்காந்தேன்."

"கொடி கண்ணு முன்னாடியே ஆடுச்சே. அதப் பாத்துமா தெரியல?"

"பாத்தேன். இதுவும் சதுரந்தானேன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு" என்றார். "ஆனா நீ ஒண்ணுதான்னு சொல்லியிருந்தியே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

வாசலில் நின்று, வீட்டுச் சாவிக்காகக் கைப்பைக்குள் துழாவினேன். பீரோ சாவிதான் முதலில் கையில் பட்டது.