பெலிசா கொடுத்த மூன்று மீன்கள்

எங்கள் ஏரிக்கரைச் சந்தையில் பெலிசாவிடம் மீன் வாங்கப் பொறுமை வேண்டும். கொடுத்த நோட்டை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். "யாரையும் நம்பாததாலதான் ஒத்தையா நின்னு பொண்ணைக் கரை சேத்தேன்" என்பாள்.

மேல்கரையில் பேட்டரி உருக்கும் ஆலை வந்தபின் ஏரியில் காரீய நஞ்சு கலப்பதாகப் பேச்சு எழுந்தது. வலைக்காரர்கள் சிரித்தார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணியான பெலிசாவின் மகள் மேரிசெல் மட்டும் ஏரி மீனைத் தொடவில்லை.

ஒரு விடியலில் ரொவேனா என்ற கல்லூரிப் பெண் பனிக்கட்டிப் பெட்டியோடு கடை முன் நின்றாள்.

"அக்கா, ஏரியில பிடிச்ச ஜிலேபி மீன் மூணு குடுங்க. சோதிச்சுப் பாக்கணும்."

பெலிசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிழைப்பைக் கெடுக்க வந்தவள்! ஆனால் அன்றைய முதல் போணி அவள். முதல் போணியை யார் திருப்பி அனுப்புவார்கள்? அன்று முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். கூடையின் அடியில் கிடந்த, மலைக் குளத்தில் வளர்த்த மூன்று மீன்களை எடுத்துப் போட்டாள். வாங்கிய நோட்டால் மற்ற மீன்களைத் தட்டி ராசி சேர்த்துக்கொண்டாள்.

"ஏரி மீன்தானே அக்கா?"

"பின்னே, வானத்துலயா புடிச்சேன்?"

ஒரு மாதம் கழித்து ஊர் மன்றச் சுவரில் சோதனை முடிவுத் தாள் ஒட்டினார்கள். ஏரியின் மற்ற இரண்டு படகுத்துறை மீன்களிலும் காரீயம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எங்கள் துறை மீனில் மட்டும் காரீயம் இல்லையாம். பெலிசாவின் கடையில் கூட்டம் முண்டியது.

"மாதா கை பட்ட மீன்டி உன்னுது" என்று பொருமினாள் பக்கத்துக் கடை நெனித்தா.

பெலிசா அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் போகாமல் சுற்றி நடந்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் மகள் வீட்டுக்குப் போனாள். மேரிசெல் மீன் புளிச்சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"தாளைப் பாத்ததுல இருந்து தினம் ஏரி மீன்தாம்மா. தலையக்கூட விடல."

பெலிசா பாய்ந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

"பைத்தியமாம்மா உனக்கு?"

"சோதிக்க வந்தவகிட்ட நான் குடுத்தது குளத்து மீன்டி! அவளை ஏமாத்துறதா நெனச்சு, பாவி, உன்னை ஏமாத்திட்டேனே!"

மேரிசெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சந்தைக்கு ஓடி வந்து எல்லோரிடமும் கதறினாள் பெலிசா. யாரும் நம்பவில்லை.

"நல்லா நடிக்கிறே" என்றாள் நெனித்தா. "நாங்க பயந்து கடைய மூடினா துறையே உனக்குத்தானே?"

பெலிசா கரை சேர்ந்த படகிலிருந்து மூன்று மீன்களைத் தன் கையால் எடுத்து, ஜீப்னி வண்டி ஏறிக் கல்லூரிக்குப் போனாள். ரொவேனா மீன் பையில் பெயர்ச்சீட்டு ஒட்டும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் அக்கா அன்னிக்குப் பொய் சொன்னீங்க?"

"உன்னை நம்பல." பெலிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு நாலு நாள் தின்னுட்டா. வயித்துல இருக்கிற புள்ளைக்கு?"

"நாலு நாளைக்காகப் பதறாதீங்க. இனிமே வேண்டாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாத்துடலாம்."

பெலிசா அந்த முகத்தையே உற்றுப் பார்த்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறாளோ?

"நெசமாத்தானே சொல்றே?" என்று கேட்டாள். "நெசந்தான் அக்கா" என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டாள்.