டிஸ்கோ ரஞ்சிதம்: தடுத்த தெருவுக்குள் வந்த குரல்

தஞ்சாவூரில் என் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடைக்குக் காலையில் போன் வந்தது. பேசியது கவிதா, பாடகி ரஞ்சிதம் அவர்களின் மகள். "மாமா, அம்மா போயிட்டாங்க. சாப்பிட்டுட்டுப் படுத்தாங்க, எழுந்திரிக்கல" என்றாள். நான் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான். இழுத்துப் பறிக்காமல் போனார் என்பது ஒன்று. "ஒரு காலத்தில் பாடியவர்" என்று சொல்லும்படி விடாமல், பாடகியாகவே போனார் என்பது அதைவிடப் பெரிது. அப்படிப் போகாமல் இருந்திருக்கவும் எல்லா வாய்ப்பும் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வயலில் கூலி வேலை செய்தவர்களின் தெரு எங்களுடையது. நிலம் வைத்திருந்தவர்களின் தெரு பெரிய தெரு. ரஞ்சிதம் அக்கா எங்கள் தெருவில் பிறந்தவர், எனக்கு உறவு முறையில் அக்கா. பதினாறு பதினேழு வயதிலேயே கட்சி மேடைகளில் பாடத் தொடங்கிவிட்டார். பேச்சாளர் வர நேரமானால் கூட்டம் கலையாமல் பிடித்து வைப்பது அவர் வேலை. பேச்சாளர் வந்த பிறகும் "அந்தப் பொண்ணே இன்னொண்ணு பாடட்டும்" என்று குரல் வந்து, பாவம், பெரிய மனிதர்கள் மேடையில் நெளிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு சொந்தமாக மெல்லிசைக் குழு வைத்தார். அதில் நான் டிரம்ஸ். கல்யாணம், திருவிழா எதுவானாலும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைப்பார்கள். ஆவணி, தை என்றால் அவர் வீட்டுத் தாம்பாளம் காலியாக இருந்ததில்லை.

அப்புறம் கூலிப் போராட்டம் வந்தது. கோட்டையில் நம் ஆட்சி என்று மேடையில் அவர் பாடிய பாட்டுக்கு நான் தாளம் தட்டியிருக்கிறேன். வரப்பில் ஆட்சி யாருடையது என்பது அந்த அறுவடையில்தான் தெரிந்தது. கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். நிலக்காரர்கள் லாரியில் வெளியூர்ப் பெண்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள். போலீஸ் வேன் ஒன்று சாலையில் நின்றது. அக்கா வரப்பில் நின்று பாடினார். யாரையும் திட்டவில்லை. "நீயும் என்னைப்போல ஒரு தாயி" என்று அந்தப் பெண்களைப் பார்த்துப் பாடினார், அவ்வளவே. கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒவ்வொருத்தராகக் கரையேறிவிட்டார்கள்.

கூலி கூடியது. ஆனால் பெரிய தெருவுக்குத் தலைவராக இருந்த பெரியவர் ஒரே வார்த்தை சொன்னார், இவள் குரல் இனிமேல் இந்தத் தெருவில் கேட்கக் கூடாது என்று. அவர் வார்த்தை மன்னார்குடி வரை, பாபநாசம் வரை சம்பந்தி வீடுகள் வழியாகவே போய்ச் சேர்ந்தது. கல்யாணமும் திருவிழாவும் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் வெற்றிலையும் இருந்தது. தாம்பாளம் காய்ந்தது. கட்சிக்காரர்களும் வம்பு வேண்டாம் என்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். குழு கலைந்தது. நான் தஞ்சாவூருக்கு வந்து வேறு குழுக்களில் வாசித்துப் பிழைத்தேன். அக்கா நடவுக்குப் போனார். கவிதா அப்போது கைக்குழந்தை. அக்காவின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை.

கவிதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த காலம். ஊரெல்லாம் டிஸ்கோ பைத்தியம் பிடித்தது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் கடை வைத்துச் சின்ன ரெக்கார்டிங் அறையும் போட்டிருந்த டேவிட் என் சிநேகிதர். டிஸ்கோ கேசட் போட வேண்டும், ஆனால் பாட வருகிறவர்கள் எல்லாம் நெளிகிறார்கள், தாளத்தில் ஆணியடித்த மாதிரி நிற்கிற குரல் ஒன்று கொண்டுவா என்றார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

அக்கா சேற்றில் நின்றார். டிஸ்கோ என்றால் என்ன என்று கேட்டார். நான் கஞ்சித் தூக்கைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இது நடவுத் தாளம்ல தம்பி. குனிஞ்சு பாடுனா நடவு, நிமிந்து பாடுனா டிஸ்கோ போலருக்கு. சரி, பாடுறேன். ஆனா தெருவுக்குள்ள உடமாட்டாங்களே?"

"உங்களத்தானே உடமாட்டாங்க. கேசட்ட யாருக்கா தடுக்கிறது?" என்றேன்.

ரெக்கார்டிங் அன்று டேவிட் தலையில் கைவைத்துவிட்டார். அக்கா பாட ஆரம்பித்தால் மைக்கை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறார்! நடவில் பெண்கள் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவார்கள். இத்தனை வருஷம் அப்படியே பாடிப் பழகிவிட்டதால், தாளம் விழுந்தால் அவர் கால் தானாகப் பின்னால் போனது. குரல் தேய்ந்து தேய்ந்து சுவரோரம் போய் நின்றது. தரையில் சாக்பீஸ் கோடு போட்டோம். கோட்டை மிதித்துக்கொண்டு போனார். நாற்காலி போட்டோம். "ஒக்காந்தா தொண்டையும் ஒக்காந்துக்கும்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கடைசியில் டேவிட்தான், நடக்கட்டும் விடு என்று சுவரோரம் இன்னொரு மைக்கை வைத்தார். குரல் கிட்டே இருந்து தூரம் போய், தூரத்திலிருந்து எதிரொலியோடு பொங்கி வந்தது. கேசட் வந்த பிறகு, இது என்ன மெஷின் என்று மெட்ராஸிலிருந்து ஒருவர் டேவிட்டைக் கேட்டாராம். ரஞ்சிதம் என்று ஒரு மெஷின் என்றாராம் டேவிட்.

'டிஸ்கோ ரஞ்சிதம்' என்றே கேசட்டுக்குப் பெயர். "இடுப்பு வலி போகலையா, ஆடு டிஸ்கோ" என்ற பாட்டு முதலில் பஸ்களைப் பிடித்தது, பிறகு டீக்கடைகளை. கும்பகோணம் போகிற பஸ்ஸில் டிரைவர் அதைப் போடவில்லை என்றால் கண்டக்டர் சண்டை போட்டார். ஒரு நாள் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அந்தப் பாட்டுக் கேட்கிறது என்று பெரியவர் டீக்கடைக்காரருக்கு ஆள் விட்டார், உடனே நிறுத்தச் சொல்லி. டீக்கடைக்காரர் பயந்துகொண்டே சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் ஊரில் பிரசித்தம். "அய்யாகிட்ட சொல்லுங்க, நம்ம ரேடியோ ரிப்பேரு. சத்தம் அய்யா வீட்டு மாடியிலேர்ந்து வருது." பெரியவரின் மூத்த மகள் கேசட்டை வாங்கி வைத்திருந்தார்.

அடுத்த வைகாசியில் பெரியவரின் இளைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பாபநாசத்துக்காரர்கள், டிஸ்கோ ரஞ்சிதம் கச்சேரி இருந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். பெரியவர் வரவில்லை, தன் வயல்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரரிடம் வெற்றிலைத் தாம்பாளம் கொடுத்து அனுப்பினார். நான் அன்று அக்கா வீட்டில்தான் இருந்தேன், ஓடிப்போய்ப் பாய் விரித்தேன். அந்தத் தெரு திறந்தால் டெல்டா முழுக்கத் திறந்த மாதிரி. அக்கா தாம்பாளத்தைத் தொடவில்லை.

"வாங்கிக்கிறேங்க. ஒண்ணே ஒண்ணு. எங்க தெருப் பொம்பளைங்க பந்தலுக்குள்ள ஒக்காந்து கேக்கணும். கொல்லையில நின்னு இல்ல. அய்யாட்ட சொல்லுங்க" என்றார்.

காரியக்காரர் முகம் கறுத்துத் தாம்பாளத்தோடு திரும்பிப் போனார். நான் அக்காவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கிடைத்த வாழ்வைக் காலால் எட்டி உதைக்கிறீர்களே, உங்களுக்குப் புத்தி இருக்கிறதா என்று கத்தினேன். அவர் கவிதாவுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னார்: "நான் மட்டும் உள்ள போறதுக்கு, அந்த நடவே தேவலாம் தம்பி."

ஒரு வாரமாகப் பதில் இல்லை. அந்த வாரம் நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். பிறகு காரியக்காரர் மறுபடியும் வந்தார். பந்தலில் ஜமுக்காளம் சேர்த்து விரிக்கச் சொல்லியிருக்கிறார் அய்யா என்று, யாரையும் பார்க்காமல் சொன்னார். அக்கா அப்போதுதான் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கண்கள் சிவந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த வாரம் அவரும் தூங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அன்று எங்கள் தெருப் பெண்கள் துவைத்த புடவையில், முதலில் ஓரமாக, பிறகு காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து கேட்டார்கள். பெரியவர் கடைசிவரை முகத்தை இறுக்கியே வைத்திருந்தார். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அக்காவும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு தாம்பாளங்கள் வந்தன. நாங்கள் ஊர் ஊராகப் போனோம். அக்கா கவிதாவை டீச்சர் வேலைக்குப் படிக்க வைத்தார், ஓட்டு வீட்டைக் கட்டினார், சர்க்கரை வந்தும் ஜிலேபியை விடாமல் டாக்டரிடம் திட்டு வாங்கினார். கடைசியாகப் போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் பாடினார். நன்றாகவே பாடினார்.

இப்போது இறுதி ஊர்வலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பாடைகள் எப்போதும் வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் சுடுகாட்டுக்குப் போகும். யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மாற்றவும் இல்லை. கவிதா, அம்மா பெரிய தெரு வழியாகத்தான் போகவேண்டும் என்றுவிட்டாள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. பையன்கள் கைகளை முறுக்கிக்கொண்டு நடந்தார்கள். பறை முன்னால் போனது. தெருவுக்குள் திரும்பினால், நடுவில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்து நிற்கிறது. போச்சு என்று நினைத்தேன். பறை நின்றது.

காலஞ்சென்ற பெரியவரின் மூத்த மகள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கி வந்தார். தலை நரைத்திருந்தது. டிராக்டர் ஓட்டியவரைப் பார்த்துக் கையசைத்தார்.

"பின்னால எடுப்பா. அக்கா போகணும்."

டிராக்டர் தெருக்கோடி வரை பின்னால் போனது. பறை மறுபடி தொடங்கியது. நான் மூச்சு விட்டேன். போய் வாங்கக்கா, வழி விட்டுட்டாங்க.